ஏஜென்ட் மூலம் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ வரவழைத்தேன், 28,705 ரூபாய் போனது

சீனாவிலிருந்து ஏஜென்ட் மூலம் பிராண்டட் பை, ஷூ நகல்களை மலிவாக வரவழைக்கலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். 2023 தீபாவளிக்கு அக்காவுக்குக் கைப்பை, தம்பிக்கு ஷூ வாங்கப் போய் நான் பட்டது இது.

தாவோபாவ், வெய்டியன் எல்லாம் முக்கியமாகச் சீனாவுக்குள் விற்பதற்கான தளங்கள். இங்கிருந்து வாங்குபவர்கள் பெரும்பாலும் நடுவில் ஒரு ஏஜென்ட் வைத்துத்தான் வாங்குகிறார்கள். நாம் லிங்க் கொடுத்தால் அவர்கள் வாங்கித் தங்கள் கிடங்கில் வைத்து, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். நாம் சரி என்றதும் பார்சல் கிளம்பும். அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் ஒரு எக்செல் பட்டியல் அனுப்பினார். அதில் நூற்றுக்கணக்கான லிங்க். நகல் ஷூவுக்குப் பெயர் போன புட்டியன் நகரத்துச் சரக்கு என்று ஒவ்வொன்றுக்கும் பாராட்டு. அந்த லிங்க் வழியாகச் சேருபவர்கள் செலவழிப்பதில் பட்டியல் போட்டவருக்கு ஏஜென்ட் கமிஷன் தருகிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பை 340 யுவான், ஷூ 280, உள்ளூர் லாரிக் கூலி 30. அப்போது ஒரு யுவான் பதினொன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. ஏஜென்ட் கணக்கில் பணம் ஏற்றும்போது கார்டு கட்டணமும் சேர்ந்து 12.50 ஆனது. மொத்தம் 8,125 ரூபாய். அசல் பையின் விலையை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றியது.

ஐந்து நாள் கழித்து போட்டோ வந்தது. பையின் கைப்பிடி ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்தது. தையல் நூல் இரண்டு இடத்தில் பிரிந்திருந்தது. மாற்றித் தரச் சொன்னேன். கடைக்காரர் நகல் சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டார், நாங்கள் உங்கள் சார்பில் வாங்கிக் கொடுப்பவர்கள் மட்டும்தான் என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல் அனுப்பச் சொன்னேன்.

அடுத்த அடி எடையில் விழுந்தது. சரக்கு 3.2 கிலோதான். கிலோவுக்கு 60 யுவான் என்றதால், அதை மூன்றரைக் கிலோவாக முழுமையாக்கினாலும் 2,625 ரூபாய்தான் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர்களோ பெட்டியின் அளவை வைத்துப் பில் போட்டார்கள். 45 செ.மீ. நீளம், 35 அகலம், 30 உயரம். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 9.45. அது 9.5 கிலோவாகி, 7,125 ரூபாய் கட்டினேன். ஷூ பெட்டியையும் பைக்குள் அடைத்திருந்த காகிதத்தையும் எடுத்துவிடச் சொல்லியிருந்தால் பெட்டி பாதியாகியிருக்கும். ஏஜென்ட் அதைச் சொல்லவே இல்லை.

இங்கே வந்ததும் கஸ்டம்ஸ். என்னைக் கேட்காமலே ஏஜென்ட் 15 டாலர் என்று மதிப்புப் போட்டிருந்தார். அதிகாரிகள் அதை ஏற்காமல் 9,000 ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். சொந்த உபயோகத்துக்கு வரும் பார்சலுக்கு அப்போது எல்லா வரியும் சேர்ந்து 77 சதவீதத்துக்கு மேல். 6,955 ரூபாய். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, பொய் மதிப்புப் போட்டது என் பார்சலில்தானே.

என்னை உண்மையிலேயே உலுக்கியது இதற்குப் பிறகு நடந்தது. கூரியர் பார்சலுக்கு அடையாளச் சான்று கேட்பது வழக்கம். அதைக் கூரியரின் சொந்தத் தளத்தில் ஏற்றாமல், ஏஜென்ட் கேட்டார் என்று ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். பார்சல் கைக்கு வந்த மூன்றாம் வாரம் ஒரு போன். “மேடம், கஸ்டம்ஸ்ல இருந்து பேசுறோம். உங்க பார்சல்ல போலிப் பொருள் வந்திருக்கு.” டிராக்கிங் எண்ணையும் ஆதாரின் கடைசி நான்கு இலக்கத்தையும் சரியாகச் சொன்னார். உள்ளே இருந்தது உண்மையிலேயே போலி என்பதால் எதிர்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மா பக்கத்து அறையில் இருந்தார், அவரிடம்கூடச் சொல்லவில்லை. யுபிஐயில் 6,500 ரூபாய் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி போன், இந்த முறை 25,000 கேட்டார்.

அப்போதுதான் அக்காவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “ஏன்டி, முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று திட்டிவிட்டு, 1930-க்கு அடிக்க வைத்தாள். சைபர் மோசடிப் புகாருக்கான எண் அது, எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. கஸ்டம்ஸ் அனுப்பும் கடிதங்களில் டின் (DIN) என்ற ஆவண அடையாள எண் இருக்கும், மறைமுக வரிகள் வாரியத்தின் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம் என்பதும் அன்றுதான் தெரிந்தது. போனில் மிரட்டி, தனிநபர் யுபிஐக்கு வரி கட்டச் சொல்ல மாட்டார்கள்.

அந்த 6,500 இன்னும் திரும்பவில்லை. வங்கியில் கார்டு பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, பொருள் வந்து சேர்ந்துவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். பில்லில் ‘பை, ஷூ’ என்று மட்டும்தான் இருந்தது, எந்த பிராண்ட் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? பையின் மேல்தோல் இரண்டே மாதத்தில் மூலையில் உரியத் தொடங்கியது. தம்பிக்கு ஷூ ஒரு சைஸ் சிறியது.

நீங்களும் இப்படி யாருக்காவது ஆதார் நகல் அனுப்பியிருந்தால், இன்றே ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவையுங்கள். பார்சலைப் பற்றி யார் போன் செய்தாலும் கட் செய்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.