டொல்பின் வானும் சோழகக் காற்றும்: மூன்று வருட அனுபவம்

பெயர்தான் டொல்பின், முகம் தீப்பெட்டி. பழைய டொயோட்டா ஹைஏஸ் வான். உள்ளே கட்டிலும் காஸ் அடுப்பும் வைத்து, கூரையில் கரியர் பூட்டி, மூன்று வருடமாகக் கிளிநொச்சியில் வைத்து ஓடுகிறேன். 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், டேர்போ இல்லை. மணிக்கு 60 கிலோமீற்றரில் இருக்கும் காற்றுத் தடை 80இல் ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும். ஆடி மாதச் சோழகம் எதிரே வர ஏ9இல் வவுனியாப் பக்கம் போனால் கணக்கே தேவையில்லை. அக்சிலேற்றரைத் தரைவரை மிதித்தாலும் வான் முனகுமே தவிர ஓடாது.

காற்று எங்கே முட்டுகிறது என்று பார்க்க, கம்பளி நூலைச் சாண் சாணாக வெட்டி வானின் உடம்பு முழுக்க டேப்பால் ஒட்டினேன். தம்பி மோட்டார் சைக்கிள் ஓட, மச்சான் பின்னால் இருந்து போனில் படம் பிடித்தான். வீதியில் போனவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பார்கள். பக்கவாட்டு நூல்கள் படிந்து கிடந்தன. கரியருக்குப் பின்னால் இருந்தவை மட்டும் உருவந்தது போல ஆடின. அன்றைக்கே கரியரைக் கழற்றினேன். ஐந்து சதம் செலவில்லை. இப்போது தூரப் பயணத்துக்கு மட்டும் பூட்டுகிறேன்.

அந்த வெற்றி தலைக்கு ஏறி, அடிப்பக்கத்தையும் மட்டமாக்கினால் இன்னும் வழுக்கிக்கொண்டு போகும் என்று அலுமினியத் தகடு அடித்தேன். மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் ஓடும்போது சூடு காட்டும் ஊசி பாதியைத் தாண்டிவிட்டது. முன் சீற்றில் இருந்த அம்மா, "தம்பி, இதென்ன தோசைக்கல்லு மாதிரிச் சுடுது" என்றா. இந்த வானில் எஞ்சின் சீற்றுக்கு அடியில்தான். எஞ்சினைக் குளிராக்கும் றேடியேற்றருக்குள்ளால் வரும் காற்று கீழால்தான் வெளியேற வேண்டும்; அந்த வாசலை நானே அடைத்து வைத்திருக்கிறேன். ஒட்டுசுட்டானில் ஒரு மரநிழலில் மல்லாக்கப் படுத்துத் தகட்டைக் கழற்றினேன். எஞ்சின் ஆறுவதற்குள் முறிகண்டியில் வாங்கிய கச்சான் முடிந்துபோனது.

அதற்குப் பிறகுதான் றேடியேற்றரைச் சுற்றி ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி. காற்றுக்கு என்ன, லேசான வழியால் போய்விடும். றேடியேற்றரின் நெருக்கமான தகடுகளுக்குள் நுழையாது. பழைய கதவு ரப்பரும் பஞ்சும் வைத்து அடைத்தேன். விசிறியைச் சுற்றியுள்ள மூடியின் ஒரு மூலை உடைந்திருந்தது, அதையும் மாற்றினேன். பம்பருக்குக் கீழே ஒரு சாண் ரப்பர்ப் பட்டியும் கட்டியிருக்கிறேன். ஓடும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைவதால் சூட்டுக்காற்று கீழே இழுபடும். இப்போது ஊசி பாதிக்குக் கீழேயே நிற்கிறது.

கிரவல் வீதியில் ஓடுபவர்கள் எயார் பில்ரரையும் மறக்க வேண்டாம். ஊதினால் உள்ளிருந்து வெளியே ஊதுங்கள்.

டீசல் கணக்கு: முன்பு லீற்றருக்கு 9 கிலோமீற்றர், இப்போது பத்தரை. ஒரே பம்பில் நிரப்பி, வவுனியா போய்த் திரும்பி, அதே பம்பில் நிரப்பிப் பார்த்தது. ஒரு வழி மட்டும் அளந்தால் காற்று ஏமாற்றிவிடும். இதில் பெரும்பங்கு கரியருக்கும், 80இல் பறந்த நான் 65க்கு இறங்கியதற்கும்தான் சேரும்.

பின்கண்ணாடித் தூசி மட்டும் போகவில்லை. வானுக்குப் பின்னால் சுழலும் காற்று புழுதியை வாரி அப்புகிறது. மேலே ஒரு தகடு வைத்துக் காற்றைக் கீழே திருப்பலாம், ஆனால் தடை கொஞ்சம் கூடும். வைக்கவில்லை. அந்தப் புழுதியில் மகள் விரலால் படம் கீறுகிறாள்.