ஈர்ப்புப் புலமா, மின்புலமா: எதைப் பிடித்து எதற்குப் போவது?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு முன்னறைக்கு ஃபிசிக்ஸ் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் எல்லாருடைய நோட்டிலும் ஒரு பக்கம் மட்டும் ஒரே மாதிரி இருக்கும். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஈர்ப்புப் புலம், வலப்பக்கம் மின்புலம். நிறை இருந்த இடத்தில் மின்னூட்டம், ஈர்ப்பு மாறிலி இருந்த இடத்தில் கூலூம் மாறிலி, இரண்டுக்கும் கீழே தொலைவின் இருமடி. "ஃபார்முலா ஒண்ணுதான் அத்தை, எழுத்துதான் மாறுது" என்றாள் என் அண்ணன் மகள். அவளும் இந்த வருடம் ஹெச்.எஸ்.சி., அதாவது பள்ளி இறுதித் தேர்வு, எழுதுகிறாள்.

கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் ஈர்ப்பு முன்னால் வருகிறது, மின்புலம் பின்னால். முதலாவதைப் படித்துவிட்டால் இரண்டாவது இலவசம் என்ற எண்ணம் தானாகவே வந்துவிடும். இதற்கு நேர்மாறாக, புலம் என்ற கருத்து மின்சாரத்தில்தான் துலங்கும், அதிலேயே தொடங்க வேண்டும் என்று சொல்கிற ஆசிரியர்களும் உண்டு. நான் இரண்டு வழியிலும் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டேன். இரண்டுமே ஓரிடத்தில் கைகொடுக்கும், வேறோர் இடத்தில் காலை வாரிவிடும்.

முதலில் புலம் என்ற சொல். பழைய தமிழில் புலம் என்றால் நிலம், வயல். மென்புலம், வன்புலம் என்று சங்கப் பாட்டுகளில் வரும். இங்கே பிள்ளைகள் பிரெஞ்சில் சொல்லும் 'ஷான்' என்பதும் வயல்தான். கரும்பை வெட்டி லாரியில் ஏற்றிய பிறகும் வயல் அங்கேதான் கிடக்கிறது. பொருள் எதையும் கொண்டுபோய் வைக்காவிட்டாலும் புலம் இருக்கிறது, வைத்தால்தான் அந்தப் பொருள்மேல் விசை வரும். ஒரு கிலோகிராமுக்கு எத்தனை நியூட்டன் என்றால் ஈர்ப்புப் புலம், மின்னூட்டத்தின் அலகான ஒரு கூலூமுக்கு எத்தனை நியூட்டன் என்றால் மின்புலம். இதுவரை நோட்டின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்.

தொடங்குவதற்கு ஈர்ப்பு நல்லது என்பதற்குக் காரணம் எளிது, அதை உடம்பே அறியும். அளவுகளும் வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. கேம்பிரிட்ஜ் தாளில் கிலோகிராமுக்கு 9.81 நியூட்டன் என்று போட்டிருக்கும். மொரிஷியஸ் நிலநடுக்கோட்டிலிருந்து 20 பாகை தெற்கே இருப்பதால், இங்கே கடல்மட்டத்தில் அது கிட்டத்தட்ட 9.79 நியூட்டன். பூமி சுழல்வதும், இடுப்புப் பகுதியில் கொஞ்சம் பருத்திருப்பதும் காரணம். 1818இல் ஃப்ரேசினே என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவர் உலகைச் சுற்றி வரும் வழியில் இந்தத் தீவில் ஊசலை ஆட்டிப் பார்த்தது இந்த மாதிரி வித்தியாசங்களை அளக்கத்தான். தீவின் மிக உயரமான மலை 828 மீட்டர். அதன் உச்சிக்கு ஏறினாலும் 9.79இல் 0.003க்கு மேல் குறையாது. சீரான புலம் என்றால் என்ன என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

மின்புலத்தில் அந்த வசதி இல்லை. இங்கே மழைக்காலமான பிப்ரவரியில் பிளாஸ்டிக் ஸ்கேலைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளுக்கு மேலே பிடித்தால் ஒன்றும் நடக்காது. காற்றில் அவ்வளவு ஈரம். ஸ்கேலின் மேல் படியும் ஈரப்படலம் வழியாக மின்னூட்டம் கசிந்து போய்விடுகிறது. நான் ஹேர் டிரையரை வைத்து ஸ்கேலையும் துணியையும் இரண்டு நிமிடம் சூடாக்குவேன். அப்புறம் தேய்த்தால் காகிதத் துண்டுகள் துள்ளி ஒட்டிக்கொள்ளும். சில துண்டுகள் ஒட்டிய வேகத்தில் திரும்பித் தெறித்து விழும். ஸ்கேலைத் தொட்டதும் அதே வகை மின்னூட்டம் அவற்றுக்கும் ஏறிவிடுவதுதான் காரணம். விலக்கு விசை என்ற ஒன்று இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் கண்ணால் பார்க்கிறார்கள். ஈர்ப்பில் அதைக் காட்டவே முடியாது.

அந்தக் காகிதத் துண்டை ஒரு பக்கம் ஸ்கேல் இழுக்கிறது, மறுபக்கம் மொத்தப் பூமியும் இழுக்கிறது. ஜெயிப்பது ஸ்கேல். 60 கிலோ எடையுள்ள இரண்டு பேர் ஒரு மீட்டர் இடைவெளியில் நின்றால், ஒருவரை ஒருவர் ஈர்க்கும் விசை ஒரு நியூட்டனில் கோடியில் 2.4 பங்கு. ஒரு கூலூம் மின்னூட்டம் கொண்ட இரண்டு புள்ளிகளை அதே இடைவெளியில் வைக்க முடிந்தால் விசை 900 கோடி நியூட்டன். ஹைட்ரஜன் அணுவுக்குள் எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையே உள்ள மின்விசை, ஈர்ப்பு விசையைப்போல் சுமார் 2.3 × 10³⁹ மடங்கு. அப்படியிருந்தும் வானத்தில் கோள்களை நடத்துவது ஈர்ப்புதான். பிளஸ்ஸும் மைனஸும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, நிறைக்கு மைனஸ் கிடையாது.

இப்போது அண்ணன் மகளுக்கு நான் சொன்ன பதிலுக்கு வருகிறேன். "ஃபார்முலா ஒண்ணுதான்" என்பது விசை வரைக்கும் சரி. அதற்கு அடுத்த வரியில் இரண்டும் பிரிந்துவிடும்.

மாடிப் படியிலிருந்து ஒரு முழுத் தேங்காயையும் ஒரு புளியங்கொட்டையையும் ஒன்றாகப் போடச் சொன்னேன். அவள் தம்பி கீழே நின்று ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுத்தான். இரண்டு மீட்டர் உயரம், 0.64 வினாடி, இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. தேங்காயின் மேல் விசை பல நூறு மடங்கு அதிகம், அதை நகர்த்துவதும் அதே மடங்கு கடினம். இழுக்கப்படுகிற நிறையும் நகர மறுக்கிற நிறையும் ஒன்றே என்பதால் நிறை அடிபட்டுப்போகிறது. ஈர்ப்பில் புல வலிமையும் முடுக்கமும் ஒரே எண்ணாக இருப்பது அதனால்தான்.

இதையே மின்னூட்டம் ஏற்றிய இரண்டு இணை உலோகத் தட்டுகளுக்கு நடுவே யோசிக்கச் சொன்னேன். மீட்டருக்கு 1000 வோல்ட் புலம், கூலூமுக்கு 1000 நியூட்டன் என்பதும் அதுவேதான். அதில் ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். மின்னூட்டத்தின் அளவு சமம், ஆகவே விசையின் அளவும் சமம். ஆனால் எலக்ட்ரானின் முடுக்கம் புரோட்டானுடையதைப்போல் 1836 மடங்கு, அதுவும் எதிர்த்திசையில். இங்கே அடிபட எதுவும் இல்லை. மின்னூட்டம் வேறு, நிறை வேறு. ஈர்ப்பை அச்சாக வைத்து மின்புலம் படித்த பிள்ளைகள் தேர்வில் மின்புல வலிமையையே முடுக்கமாக எழுதிவிட்டு வருவது இந்த இடத்தில்தான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, முதல் பாடத்தில் இரண்டும் ஒரே எண்ணாகத்தானே இருந்தது!

விசை சுழியாகும் புள்ளி கேட்டாலும் இதே கதை. பூமியின் நிறை சந்திரனுடையதைப்போல் சுமார் 81 மடங்கு. ஆகவே பூமியிலிருந்து பத்தில் ஒன்பது பங்கு தூரத்தில், கிட்டத்தட்ட 3,46,000 கிலோமீட்டரில், இரண்டு இழுப்பும் சமமாகும். இதைப் போட்டுப் பழகிய கை, மின்னூட்டக் கணக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் போய்த் தேடும். இரண்டும் ஒரே குறியாக இருந்தால் சரி. ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ் என்றால் நடுவில் இரண்டு புலமும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும், அங்கே சுழி வராது. வெளியே, அளவில் சிறிய மின்னூட்டத்தின் பக்கம் தேட வேண்டும். அளவு சமமாக இருந்துவிட்டால் அப்படிப்பட்ட புள்ளியே கிடையாது.

பொட்டென்ஷியலுக்கு, அதாவது ஒரு கிலோவையோ ஒரு கூலூமையோ வெகு தொலைவிலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுவர ஆகும் வேலைக்கு, வந்தால் என் ஓட்டு மின்புலத்துக்கு. ஈர்ப்பில் தொடங்கினால் எடுத்த எடுப்பிலேயே மைனஸ் வந்து நிற்கும். பூமியின் தரையில் ஒரு கிலோவுக்கு மைனஸ் 6.26 கோடி ஜூல். "மைனஸ் எங்கேயிருந்து வந்தது?" என்று வருடா வருடம் கேட்பார்கள். மளிகைக் கடைக் கணக்கில் எழுதிய பாக்கி மாதிரி என்று சொல்லிப் பார்த்தேன்: தரையில் இருக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் அவ்வளவு கடன், அதைக் கட்டினால்தான் பூமியை விட்டுப் போகலாம், ஒரே தவணையில் கட்ட வேகம் வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேண்டும். கேட்கும்போது தலையாட்டுவார்கள், அடுத்த வாரம் மறந்துவிடும். மின்புலத்தில் தொடங்கினால் கையில் வோல்ட்மீட்டர் இருக்கிறது. பிளஸ் மின்னூட்டத்தைச் சுற்றி மேடு, மைனஸ் மின்னூட்டத்தைச் சுற்றிப் பள்ளம், இரண்டையும் ஒரே நாளில் வரையலாம். அப்புறம் ஈர்ப்புக்குத் திரும்பி, இங்கே மேடே கிடையாது, எல்லாம் பள்ளம்தான் என்றால் மைனஸ் அவர்களுக்கே விளங்கிவிடுகிறது.

புலம் உள்ளே வராமல் தடுத்து மறைப்பது பற்றி ஒரு வரி போதும். இடி மின்னலில் காருக்குள் இருப்பவரை அதன் உலோகக் கூடு காக்கும். ஈர்ப்பை மறைக்க எந்தக் கூடும் இல்லை.

ஆகவே இப்போது நான் பாடத்திட்டத்தின் வரிசையை அப்படியே எடுப்பதில்லை. மழைக்காலத்தில், ஸ்கேல் ஒத்துழைக்காத அந்த மாதங்களில், ஈர்ப்பு: எடை, சீரான புலம், தேங்காயும் புளியங்கொட்டையும், சுற்றுப்பாதைகள். பொட்டென்ஷியலை மட்டும் தொடாமல் வைத்துவிடுவேன். ஜூலையில் காற்று கொஞ்சம் உலர்ந்ததும் மின்புலம் முழுவதும், பொட்டென்ஷியலோடு. அது முடிந்த மறுவாரம் ஈர்ப்பில் விட்டுவைத்த அந்த ஒரு பகுதி. நோட்டின் நடுவில் கோடு போடச் சொல்வது அதற்குப் பிறகுதான்.