காது மெஷின்: ராயபுரம் காற்றுக்கு 675 பேட்டரி கருவி தாங்குமா?

காதுக்குப் பின்னால் மாட்டும் பவர் மெஷின், நீல ஸ்டிக்கர் ஒட்டிய 675 பேட்டரியில் ஓடுவது. கேட்கும் திறன் மிகக் குறைந்தவர்களுக்குக் கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் எடுத்து வைப்பார்கள். நல்ல கருவிதான். ராயபுரம், காசிமேடு கடற்காற்றில் அதைக் காப்பாற்றுவதுதான் பாடு.

மெஷினிலிருந்து காதுக்குச் சத்தம் கொண்டுபோகும் டியூபுக்குள் வியர்வையும் ஈரமும் துளியாக நின்றால் சத்தம் விட்டு விட்டு வரும். பழுதென்று பலர் சர்வீஸுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். காதுக்குள் பொருந்தும் அச்சான மோல்டைக் கழற்றி ரப்பர் பல்பால் ஊதினாலே போதும். மோல்டை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டலாம். மெஷினில் தண்ணீர் படவே கூடாது. இரவில் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பேட்டரிக் கதவு திறந்தபடியே மெஷினைச் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து, ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுப் போடுங்கள். உரித்ததைத் திரும்ப ஒட்டி வைத்தாலும் சார்ஜ் இறங்கத்தான் செய்யும்.

மெஷின் விசிலடித்தால் மோல்டு தளர்ந்திருக்கும், அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கும். பிள்ளைகளுக்குக் காது வளர வளரப் புது மோல்டு எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் வால்யூமைக் குறைத்து அனுப்பும் கடைக்குப் போகாதீர்கள். விசில் நிற்கும், கூடவே பேச்சும் கேட்காமல் போகும்.

90 டெசிபலுக்கு மேல் இழப்பிருந்தால், மெஷினோடு பஸ் ஹாரன் கேட்கலாம், யாரோ கூப்பிடுவது தெரியலாம். வார்த்தை பிரிந்து கேட்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உதட்டைப் பார்த்தாலும் 'பாலை'யும் 'மாலை'யும் ஒரே மாதிரிதான் தெரியும்.

60 வயதில் காது மந்தமான தாத்தாவுக்கு இருந்தது போய்விட்டது. மெஷின் அவருக்குப் பெரிய உதவி. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குப் போனது என்று எதுவும் இல்லை. அதற்கு அவசரமாக வேண்டியது மொழி. சைகை மொழியில் வளர்ந்த பலர் தங்களைக் குறையுள்ளவர்களாக அல்ல, தனி மொழி பேசும் சமூகமாகவே பார்க்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2016 சட்டம் 'காது கேளாதவர்' என்பதற்கு இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்று கோடு போட்டிருக்கிறது. சான்றிதழுக்கு அந்தக் கணக்கு வேண்டும். எந்த மொழியில் ஒருவர் சிரிக்கிறார், சண்டை போடுகிறார் என்பது அதில் வராது.

ஆகவே "கை காட்டிப் பேசாதீங்க, அப்புறம் பேச்சு வராது" என்று கவுன்டரில் சொன்னால் நம்பாதீர்கள். மெஷினும் மாட்டலாம், சைகை மொழியும் கற்கலாம். டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தின் 10,000 சொல் அகராதி இலவசமாகவே கிடைக்கிறது.

மெஷின் வாங்குவதானால் காது பரிசோதனை வரைபடமான ஆடியோகிராம் நகலைக் கேட்டு வாங்குங்கள், ட்ரையலும் கேளுங்கள். கடையின் ஏசி அறையில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் கேட்கும். மின்ட் பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் மாட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.