காஸா, கரண்டா: ஒரு யூனிட்டில் தலைகீழாகும் கணக்கு

காஸை விட்டுவிட்டு முழுக்க இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டையும் ஒரே குசினியில் நெடுநாளாகப் பாவிப்பதால், பதிலைக் கணக்கோடு எழுதுகிறேன்.

ஒரு கிலோ காஸில் கிட்டத்தட்ட 12.8 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பம் உண்டு. 12.5 கிலோ சிலிண்டருக்கு 160 யூனிட். ஆனால் காஸ் அடுப்பில் பாதிக்குச் சற்று மேல்தான் சட்டிக்குள் போகும். மிச்சம் சட்டியின் ஓரத்தால் வெளியேறிக் குசினியைத்தான் சூடாக்கும். இன்டக்‌ஷனில் 85 சதவீதம் வரை சட்டிக்கே போகிறது. ஆக, ஒரு சிலிண்டர் செய்கிற வேலையைச் சுமார் 100 யூனிட் கரண்ட் செய்துவிடும். சிலிண்டர் விலையை நூறால் பிரியுங்கள். 2025இல் கொழும்பில் 3,690 ரூபாய். யாழ்ப்பாணத்துக்கு வரும்போது ஏற்றுகூலியும் சேரும். யூனிட் 37 ரூபாய்க்குக் குறைவென்றால் கரண்ட் லாபம்.

2025 ஜூன் 12இல் வந்த கட்டணத்தில், 60 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்கு முதல் 60 யூனிட்டும் 12.75 ரூபாய்ப்படி. பிறகு 90 வரை 18.50, 120 வரை 24, 180 வரை 41, அதற்கு மேல் 61. இதை மட்டும் பார்த்தால் 120 வரை கரண்ட்தான் மலிவு.

கோபம் வருகிற இடம் நிலையான கட்டணம், அதாவது யூனிட் விலைக்கு மேல் மாதாமாதம் கட்டுகிற தொகை. 60க்குள் நிற்கிற வீட்டுக்கு யூனிட் விலையும் குறைவு, 61 ஆனதும் அதுவும் பறிபோகும். அந்தக் கட்டணப்படி 60 யூனிட் எரித்தால் பில் 585 ரூபாய். 61 எரித்தால் 1,183 ரூபாய் 50 சதம். ஒரேயொரு யூனிட்டுக்கு 598 ரூபாய் 50 சதம்! கிணற்று மோட்டரின் புட்வால்வு (கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடி வால்வு) ஒழுகித் தொட்டி நிரம்பச் சுணங்கினாலே போதும், அந்த ஒரு யூனிட் ஏறிவிடும். கூடப் பாவிக்கிறவர் கூடக் கட்டட்டும், அது நியாயம். சிக்கனமாக இருக்கிற வீட்டை ஒரு யூனிட்டுக்காக இப்படி அடிப்பது நியாயமே இல்லை. 90இலும் 120இலும் இதே கதைதான்: நிலையான கட்டணம் 400இலிருந்து 1,000, பிறகு 1,500.

மாதம் 85 யூனிட் எரிக்கிற, இரண்டு மாதத்துக்கொரு சிலிண்டர் முடிக்கிற வீட்டை எடுங்கள். சமையல் முழுவதும் கரண்டுக்குப் போனால் 50 யூனிட் கூடி 135 ஆகும். வரி சேர்க்காமல் பில் 1,627.50இலிருந்து 4,155க்குப் போகும். கூடியது 2,527.50, மிஞ்சிய காஸ் 1,845 ரூபாய்க்குத்தான். நட்டம். ஏற்கனவே 95 யூனிட்டில் நிற்கிற வீடென்றால் 120 வரை 25 யூனிட்டுக்கு 600 ரூபாய்தான் கூடும். 922 ரூபாய்க் காஸ் மிஞ்சும். அந்த 25 யூனிட்டைக் கேத்திலுக்கும் றைஸ் குக்கருக்கும் கொடுங்கள். ஒரு லீற்றர் தண்ணி கொதிக்க 0.1 யூனிட் அளவுதான் போகும்.

பாத்திரத்தையும் பாருங்கள். நம்முடைய அலுமினியப் புட்டுப்பானையும் இடியப்பம் அவிக்கிற பானையும் இன்டக்‌ஷனில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பானையே வேண்டும். அந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. காஸ் சுவாலை மஞ்சளாகிச் சட்டியடி கரி பிடித்தால் காற்று போதவில்லை. பேணரைக் கழற்றித் துளைகளை ஊசியால் குத்தித் துடையுங்கள். உள்ளே போகிற குழாயில் சிலந்தி வலை கட்டியிருந்தாலும் இப்படித்தான் எரியும்.

அடுப்பாகப் பார்த்தால் எனக்கு இன்டக்‌ஷன்தான் பிடிக்கும். சுத்தம், வேகம், மதியத்தில் குசினி வேகாது. ஆனாலும் நண்பருக்குச் சொன்னது: சிலிண்டரைக் கைவிடாதீர்கள். அந்த நிலையான கட்டணம் இப்படி இருக்கும்வரை முழுக்க மாறச் சொல்ல எனக்கு மனம் வராது.

பில் வந்ததும் யூனிட்டோடு நாட்களையும் பாருங்கள். இந்த எல்லைகள் 30 நாளுக்கானவை, மீற்றர் வாசிக்கிறவர் 33ஆம் நாள் வந்தால் 60 என்ற எல்லை 66 ஆகும். ஆகவே மாதக் கடைசியில் மீற்றரைப் பார்க்கும்போது கடந்த பில்லின் திகதியிலிருந்து எண்ணுங்கள், கலண்டர் மாதத்தை வைத்து எண்ண வேண்டாம்.