சேலத்திலிருந்து சிங்கப்பூர்: திருச்சி வழியா, பெங்களூரு வழியா?

சிங்கப்பூரில் இருக்கும் தங்கையின் முதல் பிரசவத்துக்கு அம்மாவைப் பெங்களூரு வழியாகவும், இந்த ஆண்டு இரண்டாவது பிரசவத்துக்குத் திருச்சி வழியாகவும் அனுப்பினோம். இரண்டு முறையும் ஏற்காட்டிலிருந்து காரில் அழைத்துச் சென்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: இனி எங்களுக்குத் திருச்சிதான்.

வான்வழித் தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பெங்களூருவிலிருந்து சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ 3,170 கி.மீ.; திருச்சியிலிருந்து 3,000 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு இந்த இடைவெளி கால் மணி நேரம்தான். எங்கிருந்து ஏறினாலும் நான்கு முதல் நாலரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதை மறந்து, டிக்கெட்டில் இருந்த நேரங்களைக் கழித்துப் பார்த்த அம்மா, “ஏழு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு உட்காரணுமா?” என்று திகைத்தது தனிக்கதை.

வானில் வேறுபாடு கால் மணி நேரம்தான்; தரையில் அப்படி இல்லை. சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய், தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் வரை அகலமான சாலையில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் நாம் பெங்களூரு நகரின் தெற்கு முனையில் நுழைகிறோம்; விமான நிலையமோ வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. அத்திப்பள்ளி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று நகரம் முழுவதையும் கடந்தாக வேண்டும். அன்று மாலை, ஓசூருக்கு அப்பால் இருந்த எழுபத்தைந்து கி.மீ. சொச்சம் எங்களுக்கு மூன்றரை மணி நேரம் எடுத்தது. மடியில் காப்பித்தூள் பையை வைத்திருந்த அம்மா, சில்க் போர்டில் நின்றபோது முருகனை அழைக்கத் தொடங்கிவிட்டார். செக்‑இன் கவுன்ட்டர் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே ஓடினோம். நெரிசலுக்கு அஞ்சி மூன்று மணி நேரம் முன்கூட்டியே கிளம்பினால், அந்த நேரத்தையும் பயணக் கணக்கில்தானே சேர்க்க வேண்டும்?

திருச்சிச் சாலையிலும் குறை உண்டு. நாமக்கல்லைத் தாண்டியதும் சாலை குறுகிவிடுகிறது; தொட்டியம், முசிறி, குணசீலம் என்று காவிரிக் கரையை ஒட்டிப் போகும் வழியில் இரவில் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும். ஆயினும் சுமார் 150 கி.மீ. தூரத்தை மூன்று மணி நேரத்தில் கடந்தோம். தாமதமானாலும் அரை மணி நேரத்துக்கு மேல் போகாது என்ற உறுதி இருந்தது. 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் விசாலமாக இருக்கிறது. படிவம் நிரப்புவதில் தடுமாறினால் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

விமானத்துக்குள் கிடைக்கும் வசதியில் பெங்களூருதான் மேல். அங்கே முழுச்சேவை நிறுவனத்தில் சாப்பாடும் பெட்டிக்கான எடையும் கட்டணத்திலேயே அடங்கியிருந்தன. திருச்சியில் நாங்கள் எடுத்த குறைந்த கட்டண டிக்கெட்டில் இரண்டுக்கும் தனியாகக் கொடுத்தோம்.

கோவையிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. சேலத்திலிருந்து போனால் பீளமேடு விமான நிலையம் நகருக்கு முன்பே வந்துவிடும். சாலையும் திருச்சிச் சாலையைவிட நன்றாக இருக்கும். மாமாவை அழைத்து வர ஒரே ஒரு முறை போனதை வைத்து அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தங்கை ஊருக்கு வரும்போது அந்த வழியில் வரச் சொல்லியிருக்கிறேன்.