ஃபேன் ரெகுலேட்டர்: பெட்டியா, டிம்மரா, ஸ்டெப்பா?

கடலூரில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஃபேன் வேகத்தைக் குறைக்க யாருக்கும் மனசு வராது. ரெகுலேட்டருக்கு உண்மையான வேலையே மார்கழிப் பனியில்தான். ஆனாலும் கெட்டுப்போனால் மாற்றித்தானே ஆகவேண்டும்? லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில் ஏறி, "ரெகுலேட்டர் ஒண்ணு குடுங்கண்ணே" என்றால், "டிம்மரா, ஸ்டெப்பா?" என்று கேட்பார்கள். விலை வித்தியாசத்தை மட்டும் பார்த்து பதில் சொல்லிவிடாதீர்கள்.

பழைய வீடுகளில் இன்னும் சுவரில் உட்கார்ந்திருக்கும் பெரிய பெட்டி ரெகுலேட்டரை முதலில் முடித்துவிடலாம். உள்ளே இருப்பது ரெசிஸ்டன்ஸ் கம்பிச் சுருள். ஃபேனோடு சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில் நின்று வோல்டேஜில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததெல்லாம் சூடாகப் போய்விடும். 0.2 ஆம்பியர் ஓடி, சுருளில் 100 வோல்ட் விழுந்தால் 20 வாட் வீண். ஃபேன் மெதுவாகும், மீட்டர் அந்த அளவுக்கு மெதுவாகாது. சீக்கிரம் கெடாது என்பதைத் தவிர இதற்குப் பரிந்து பேச ஒன்றும் இல்லை. கழற்றிவிடுங்கள்.

டிம்மர் வேறு வழியில் போகிறது. நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 அரை அலைகள். டிம்மருக்குள் இருக்கும் டிரையாக் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் ஒவ்வொரு அரை அலையின் தொடக்கத்திலும் கதவை மூடி வைத்து, கொஞ்சம் தாமதித்துத் திறக்கும். குமிழைத் திருப்பினால் அந்தத் தாமதம் கூடும், குறையும். டிரையாக்கில் விழுவது ஒன்றிரண்டு வோல்ட்தான் என்பதால் சூடு அதிகமில்லை. வேகத்தையும் படிப்படியாக இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி மாற்றலாம். சிக்கல் என்னவென்றால் மோட்டாருக்குப் போவது வெட்டுப்பட்ட அலை. அதனால்தான் வேகம் குறைத்த ஃபேன் ராத்திரியில் 'ம்ம்ம்' என்று முனகுகிறது. பக்கத்தில் பழைய ரேடியோ இருந்தால் அதிலும் கரகரப்பு கேட்கும்.

ஸ்டெப் ரெகுலேட்டரில் வேலை செய்வது கெப்பாசிட்டர், அதாவது மின்னேற்றத்தைப் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும் பாகம். ஒன்றைத் திறந்து பார்த்தால் இரண்டு சப்பையான பிலிம் கெப்பாசிட்டர்கள், கூடவே சின்னச் சின்ன ரெசிஸ்டர்கள். உதாரணத்துக்கு அவற்றின் அளவு 2.2, 3.3 மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் 2.2 காட்டும் தடை சுமார் 1,450 ஓம்; 3.3 காட்டுவது சுமார் 965. இரண்டையும் பேரலலாக, அதாவது பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் 580 ஓமுக்கு இறங்கிவிடும். ஆக முதல் மூன்று வேகங்கள் தயார். கடைசி எண்ணில் கெப்பாசிட்டரே இல்லாமல் நேரடி இணைப்பு.

ஓம் கணக்கு வருகிறதே, அப்படியானால் இதுவும் சூடாக வேண்டாமா? ஆகாது. கெப்பாசிட்டர் வாங்கிய ஆற்றலைக் கால் சுற்றுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. காலையில் கைமாற்று வாங்கி சாயங்காலமே அடைப்பவரைப் போல. வோல்டேஜ் குறைகிறது, ஆனால் அதற்குள் வாட் எதுவும் தங்குவதில்லை. அலையும் வெட்டுப்படாததால் முனகல் இல்லை. கூட இருக்கும் ரெசிஸ்டர்களில் சில, சுவிட்சை அணைத்தபின் மிச்ச மின்னேற்றத்தை வடியவிடுவதற்கு. சாதாரண ஃபேனுக்கு என் ஓட்டு இதற்குத்தான். தேவனாம்பட்டினம் பக்கம் கடலை ஒட்டி வீடு இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை: உப்புக் காற்றில் உள்ளே சுழலும் சுவிட்சின் பித்தளைத் தொடுமுனைகள் களிம்பேறும். ஏதோ ஒரு எண்ணில் மட்டும் ஃபேன் நின்று நின்று ஓடினால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

இப்போது பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் வந்து போட்டியையே கலைத்துவிட்டது. பழைய ஃபேன் 75 வாட் என்றால் இது 30 வாட் அளவில் ஓடும். தினமும் 12 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 16 யூனிட் மிச்சம். வேகத்தை உள்ளிருக்கும் சர்க்யூட்டே பார்த்துக்கொள்வதால் சாயங்கால லோ வோல்டேஜிலும் சுணங்காது. 2011-இல் தானே புயலுக்குப் பிறகு நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது; இன்வெர்ட்டர் பேட்டரியில் ஃபேன் இரண்டு மடங்கு நேரம் ஓடும் என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. ஆனால் இடி மின்னலில் வோல்டேஜ் எகிறினால் அந்த சர்க்யூட் போர்டு போய்விடலாம். செலவு கையைக் கடிக்கும். இந்த ஃபேனுக்கு ரெகுலேட்டர் வழியாகக் கரண்ட் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி நேரடி இணைப்பாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஃபேன் முழு வேகத்திலேயே மந்தமாக ஓடினால் எந்த ரெகுலேட்டர் வாங்கினாலும் பயனில்லை. ஃபேன் தண்டில் இருக்கும் கிண்ணத்துக்குள் 2.5 மைக்ரோஃபாரட் போல ஒரு கண்டன்சர் (கெப்பாசிட்டரின் இன்னொரு பெயர்) இருக்கும். வருடக்கணக்கில் ஓடியதில் அதன் மதிப்பு இறங்கியிருக்கும். மெயினை அணைத்துவிட்டு, அதில் எழுதியிருக்கும் அதே மதிப்பில் புதிதாக ஒன்று மாற்றிப் பாருங்கள். ரெகுலேட்டரை விட மலிவாகவே முடிந்துவிடும்.