குடியை நிறுத்த எந்தக் கூட்டம்: ஏ.ஏ.வா, ஸ்மார்ட்டா, ஆன்லைனா?

குடியை விட உதவும் கூட்டத்தைத் தேட ஆரம்பித்ததுமே பலர் கொள்கை வாதத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். கடவுளை நம்ப வேண்டுமா, குடி நோயா பழக்கமா என்று யோசித்தே வாரங்கள் ஓடிவிடும். நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று, இரவு பதினோரு மணிக்குக் குடிக்கத் தோன்றுகிறது. அப்போது கையில் என்ன இருக்கும்?

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது என்றால் முதலில் டாக்டர், அப்புறம் கூட்டம்.

சரி, குடியை விட்டவர்களும் விட விரும்புபவர்களும் ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும் ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸுக்கு வருவோம். அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் விஷயமாகப் போன பில் வில்சன், போன காரியம் தோற்று, ஓட்டலில் தனியாக நின்றார். குடிக்கும் ஆசை வந்தது. போனை எடுத்து, தன்னைப் போலவே குடியில் மாட்டிய ஒருவரிடம் பேச வழி தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். இது நடந்தது 1935-இல். இந்த இருவரும்தான் ஏ.ஏ.வைத் தொடங்கியவர்கள். அந்த போன் அழைப்புதான் இன்றும் ஏ.ஏ.வின் பெரிய பலம் என்பேன். கொஞ்ச நாள் போனதும், முன்பே குடியை விட்ட ஒருவரை ஸ்பான்சராக வைத்துக்கொள்ளலாம். அந்த இரவு அழைப்பதற்கு ஒரு எண் கிடைத்துவிடும்.

முதல் நாள் பயம் எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலும் வட்டமாக நாற்காலிகள், ஒருவர் தொடக்க உரை வாசிப்பார், பிறகு ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொல்வார்கள். முழுப் பெயர் வேண்டாம். உங்கள் முறை வரும்போது "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே அறிவுரை சொல்வதும் வழக்கமில்லை. கட்டணம் கிடையாது, சுற்றி வரும் தட்டில் புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். பட்டியலில் 'திறந்த கூட்டம்' என்றிருந்தால் குடும்பத்தாரும் வரலாம். 'மூடிய கூட்டம்' குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும். தயங்குபவர் துணைக்கு ஒருவரோடு திறந்த கூட்டத்துக்குப் போவது நல்லது.

குடியை விட ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். 'நீங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்று விளக்கினாலும் சிலருக்கு அது தொண்டையில் நிற்கும். அவர்களுக்குத்தான் ஸ்மார்ட் ரிகவரி. 1990-களில் வந்தது, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் உத்திகளை எடுத்துக்கொண்டது. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார், ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் பேசலாம். ஒரு தாளை நான்கு கட்டமாகப் பிரித்து, குடிப்பதால் என்ன லாபம், என்ன நஷ்டம், நிறுத்தினால் என்ன லாபம், என்ன நஷ்டம் என்று எழுதச் சொல்வார்கள். குடியில் 'லாபம்' இருந்தது என்று ஒருவர் வெட்கமில்லாமல் எழுத முடிவதே பெரிய விஷயம். இரவு பதினோரு மணிக்குக் கையில் இருப்பது அந்தத் தாளும், ஆசை சிறிது நேரத்தில் தணியும் என்று கற்ற பயிற்சியும். ஸ்பான்சர் முறை இங்கே இல்லை. என் கணக்கில் அதுதான் இதன் குறை. பல ஊர்களில் நேரடிக் கூட்டமும் குறைவு.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 27 ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டு மதிப்பாய்வில் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது), ஏ.ஏ.வில் சேர வழிகாட்டும் சிகிச்சைகள், முழுமையாகக் குடிக்காமலிருப்பதில் மற்ற சிகிச்சைகளை விட நல்ல பலன் தந்தன. ஒப்பிட்டது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை போன்ற, சிகிச்சையாளர்கள் தரும் முறைகளோடு. ஸ்மார்ட்டோடு நேருக்கு நேர் வைத்த போட்டி என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆன்லைன் கூட்டம் இரண்டு தரப்பிலும் உண்டு. கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம், தெரிந்தவர் கண்ணில் படும் பயம் குறைவு, நள்ளிரவிலும் எங்கோ ஒரு கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் திரையை மூடினால் எல்லாமே முடிந்தது. நேரில் வந்தவரிடம், கூட்டம் கலைந்த பிறகு வாசலில் ஒருவர் "அடுத்த வாரம் வருவீர்கள்தானே?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே திரும்பிப் போனவர்கள் உண்டு.

ஆகவே, பக்கத்தில் ஏ.ஏ. நேரடிக் கூட்டம் இருந்தால் அதில் தொடங்குங்கள், இரவுக்கு ஆன்லைனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடவுள் பேச்சு தடையாக இருந்தால் நேரே ஸ்மார்ட். இரண்டுக்கும் போவதற்கும் தடையில்லை. ஆண்கள் நடுவே பேசத் தயங்கும் பெண்கள், 1975-இல் ஜீன் கிர்க்பாட்ரிக் பெண்களுக்கென்றே தொடங்கிய விமன் ஃபார் சோப்ரைட்டி குழுவைப் பார்க்கலாம். ஒரே கூட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரே அமைப்பிலும் குழுவுக்குக் குழு சூழல் மாறும்.

தேடுவதற்கு ஏ.ஏ.வின் மீட்டிங் கைடு செயலி, ஸ்மார்ட்டின் இணையதளம் இரண்டும் இருக்கின்றன. பட்டியலில் பழைய இடமும் நேரமும் தங்கிவிடுவதுண்டு, கிளம்பும் முன் ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தைரியத்தைத் திரட்டிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பவர் மறுபடி கிளம்புவது கஷ்டம்.

குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கென்றே 1951-இல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன; மனைவியோ, அப்பாவோ, பிள்ளையோ தனியாகவே போகலாம்.